செல்லமுத்து அண்ணன் காரில் நான் சரிசெய்யாத கோளாறு

1. கம்பெனி செட்

செல்லமுத்து அண்ணன் தன் புதுக் காரை என் கடைக்கு முதல் தடவை ஓட்டிக்கொண்டு வந்தார். அடுத்த மூன்று தடவையும் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டுக்கும் நடுவில் அந்தக் காரில் நடந்த ஒரே மாற்றம், நான் அதற்கு பாஸ் சத்தம் இடிக்கிற சப் ஊஃபர் ஸ்பீக்கர் போட்டதுதான். பார்ப்பவர்கள் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் நடந்தது இது. சேலத்தில் ஒரு பெரிய கார் ஆடியோ கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, சேந்தமங்கலத்தில் சொந்தமாகக் கடை போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஹாரன், ஹெட்லைட், வைப்பர் மோட்டார் என்றுதான் வேலை வந்துகொண்டிருந்தது. போர்டில் ‘ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ் & ஆடியோ’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்தேன். ஆடியோவுக்கென்று வந்த முதல் ஆள் செல்லமுத்து அண்ணன்.

அவருக்கு அடிவாரத்தில் தோட்டம். கூடவே மிளகு வியாபாரம். வாரத்தில் மூன்று நாள் கொல்லிமலை ஏறி, பெரக்கரை நாட்டு ஊர்களில் மிளகு பார்த்து விலை பேசிவிட்டு வருவார். பதினைந்து வருஷம் ஜீப்பில் போய் வந்தவர், அந்த வருஷம்தான் புதுக் கார் வாங்கினார். அதில் கம்பெனியே போட்டுக் கொடுத்த கேசட் செட்டும் நான்கு ஸ்பீக்கரும் இருந்தன.

“தம்பி, பாட்டு கேக்குது. ஆனா நெஞ்சுல இடிக்கலீங்க” என்றார். “நாமக்கல்லுல ஒருத்தன் கார்ல பாத்தேன். கண்ணாடியே அதுருது. அப்பிடி வேணும். ஆனா ஒண்ணு, கம்பெனி ஒயர் ஒண்ணக்கூட வெட்டப்படாது. வெட்டுனா வாரண்டி போயிருமுன்னு ஷோரூம்ல சொல்லிப்போட்டாங்க. செட்டையும் மாத்தப்படாது.”

தலையில் கை வைக்காத குறைதான். கம்பெனி செட்டின் பின்னால், சப்புக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப் மாட்டுவதற்கான ஆர்சிஏ அவுட் கிடையாது. ஆம்பை எழுப்பிவிடும் ரிமோட் ஒயரும் கிடையாது. வெட்டாதே, மாற்றாதே, ஆனால் நெஞ்சில் இடிக்க வேண்டும். சமையல்காரரைக் கூப்பிட்டு அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று சொல்வது போலத்தான் இது.

ஆனாலும் போட்டேன். சேலத்துக்குப் போய் அந்த செட்டுக்குப் பொருந்துகிற, ஒயர்களை வெட்டாமல் இணைக்கும் கப்ளர் வாங்கி வந்து, ஒரிஜினல் கப்ளருக்கும் செட்டுக்கும் நடுவில் சொருகினேன். பின் ஸ்பீக்கர் லைனிலிருந்து, சிக்னலை ஆம்ப் தாங்கும் அளவுக்குக் குறைக்கும் ஹை-லோ கன்வர்ட்டர் வழியாக ஆம்புக்கு சிக்னல் கொடுத்தேன். பேட்டரியிலிருந்து தடித்த பவர் ஒயரை ஃப்யூஸ் வைத்து இடது ஓரமாக இழுத்தேன். சிக்னல் ஒயரை வலது ஓரமாகக் கொண்டுபோனேன். இரண்டும் ஒட்டிப் போனால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘உய்ய்’ என்று ஊளைச் சத்தம் வரும். டிக்கியில் பன்னிரண்டு இஞ்ச் சப், நானே அளந்து அடித்த பெட்டி. ஆம்பை எழுப்ப வேறு வழியில்லாததால், சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினாலே கரண்ட் வருகிற ஏசிசி லைனில் ரிமோட் ஒயரைக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான் அது. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளா, இந்த ஒரு ஒயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டைப் போட்டதும் பின் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடியது. செல்லமுத்து அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். “இதுதானுங்க கண்ணு! இதுதான்!” என்றார்.

அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் தூங்கினேன்.

2. தள்ளிக்கொண்டு வந்த நாட்கள்

பத்து நாள் கழித்து மார்க்கெட்டிலிருந்து நான்கு பேர் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மலையிலிருந்து இறங்கி வந்து டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி சுத்தமாக இறங்கிக் கிடந்தது.

வண்டி நிற்கும்போது எங்கேயாவது கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். கசிவே இல்லை. பேட்டரியை சார்ஜ் போட்டேன். முழுசாக ஏறியது. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பதினாலு வோல்ட் கொடுத்தது. எல்லாம் சரி.

“ஏனுங்ணா, மலை மேல வண்டிய நிறுத்திப்போட்டு பாட்டுக் கேக்கறீங்களா?”

“நிக்கறப்ப நானெதுக்கு பாட்டுக் கேக்கறேன்? மொளகு பாக்கவே நேரமில்ல. போறப்ப வாரப்ப கேக்கறதுதான்.”

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் இரண்டாம் தடவை தள்ளிக்கொண்டு வந்தார். இந்த முறை ஷோரூமுக்கும் போய்விட்டு வந்திருந்தார். வெளி ஆள் கை வைத்த வண்டியைத் தொட மாட்டோம், அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நான் எர்த் ஒயரைச் சுரண்டி வேறு போல்ட்டில் கட்டினேன். ஆம்பையே கழற்றி என்னிடமிருந்த வேறு ஆம்பை வைத்தேன். ஒரு ராத்திரி முழுக்க காரைக் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. என் கடை வாசலில் அந்தக் கார் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. மலைக்குப் போய் வந்தால் மட்டும் செத்துப் போய்விடும்.

இதற்குள் டீக்கடையில் ஆளாளுக்கு மெக்கானிக் ஆகிவிட்டார்கள். மலைக் குளிருக்கு பேட்டரி உறைந்துவிடுகிறது என்றார் ஒருவர். பாஸ் அதிர்ச்சியில் பேட்டரிக்குள் பிளேட் உதிர்ந்துவிடுகிறது என்றார் இன்னொருவர். அவர் தறி ஓட்டுகிறவர். எனக்கு வந்த எரிச்சலில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மூன்றாம் தடவை, வெள்ளிக்கிழமை, செல்லமுத்து அண்ணனின் வீட்டுக்காரம்மாவும் கூட வந்தார். எல்லாரும் சரசக்கா என்று கூப்பிடுவார்கள். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“தம்பி, எம்புள்ள பூங்கொடி மலை மேல இருக்கறா. மாப்ளைக்கு அங்கதான் பள்ளிக்கூடத்துல வேலை. எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. தலைப்பிரசவம், புதன்கெழம கூட்டியாரோணும். பஸ்ஸுல எழுவது வளைவு அவளால உக்காந்து வர முடியுமா? இந்தக் காரு வாங்குனதே அதுக்குத்தான். நடுக்காட்டுல நின்னுச்சுன்னா யாருக்குச் சொல்றது, எங்க போயி நிக்கறது? இந்தப் பொட்டியக் கழட்டி வீசு சாமி.”

“கழட்டுனா நான் இந்தக் கடைப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டேன்” என்றார் அண்ணன். “வேல தெரியாதவங்கிட்ட குடுத்துட்டேன்னு மலை பூரா சொல்லுவேன்.”

கழற்றினால் வேலை தெரியாதவன். கழற்றாவிட்டால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் நடுக்காட்டில் நிற்பாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி கோபம் வந்தது.

“அக்கா, நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம நானே அண்ணங்கூட மலைக்குப் போயிட்டு வாரேன். அப்பவும் பேட்டரி எறங்குச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, போர்டுல ஆடியோங்கிற எழுத்தையும் அழிச்சுப்போடறேன்.”

சரசக்கா வாசல் பக்கம் திரும்பினார். “எனக்கு எழுத்து அழிஞ்சு என்ன ஆகோணும்? எம்புள்ள பத்திரமா வந்து சேரோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. மடியில் மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை, பேட்டரியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து மல்டிமீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஏறுகிற வழியெல்லாம் மீட்டர் பதிமூன்றே முக்காலுக்கும் பதினாலுக்கும் நடுவில் நின்றது. சப் போட்டுக் குத்தியது, ஹெட்லைட் எரிந்தது, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். மீட்டர் அசையவில்லை. பேட்டரிக்கு சார்ஜ் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

“பாத்தீங்களா, வேலையில கோளாறு இல்லீங்ணா” என்றேன்.

“அப்பறம் என்ன எழவுக்கு நிக்குது?” என்றார்.

மேலே மிளகு பார்த்து முடித்தபின் மகள் வீட்டுக்குப் போனோம். பூங்கொடி இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு டீ கொண்டு வந்து வைத்தது. அப்பா பின்பக்கம் கை கழுவப் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டது.

“ஏனுங்ணா, வண்டி நிக்காம வருமுங்களா? அம்மா ரொம்பப் பயப்படுது. எனக்கும் பயமாத்தான் இருக்குது. அப்பாகிட்ட சொன்னா சிரிக்கறாரு.”

“வரும் கண்ணு. நான் பாத்துக்கறேன்” என்றேன். என்ன பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பத்து நிமிஷத்தில் இறக்கம் தொடங்கியது. அண்ணன் கேசட்டைத் திருப்பிப் போட்டு சத்தத்தைக் கூட்டினார். சீட்டு அதிர்ந்தது. இரண்டாவது வளைவு தாண்டி மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டே கால். ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பன்னிரண்டு. அதற்கடுத்து பதினொன்றே முக்கால். பாஸ் இடிக்கும்போதெல்லாம் முள் கீழே விழுந்து விழுந்து எழுந்தது.

“அண்ணா, பாட்டக் கொஞ்சம் கொறைங்க.”

குறைத்தார். இன்ஜின் சத்தமே இல்லை. காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன. கியர் நியூட்ரலில் இருந்தது. சாவி ஏசிசியில் இருந்தது. அந்த முதல் கட்டத்தில் டேஷ்போர்டில் இருக்கிற சிவப்பு விளக்கு ஒன்றுகூட எரியாது. நான் போட்ட பாஸ் என் காதையே அடைத்திருக்கிறது.

“இன்ஜின் ஆஃப்ல இருக்குதுங்ணா!”

“ஆமா. எறக்கந்தானே?” என்றார் அவர், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. “பதனஞ்சு வருசமா அப்பிடித்தான் எறங்கறேன். ஜீப்பெல்லாம் அப்பிடித்தான் எறங்கும். எதுக்கு வீணா பெட்ரோல எரிக்கறது? கீழ போயி செகண்ட் போட்டு கிளட்ச்ச விட்டா எடுத்துக்குது.”

நான்கு வாரமாக என் மண்டையைக் காய வைத்த கேள்விக்கு இரண்டே வரியில் பதில் வந்துவிட்டது. ஆல்டர்னேட்டர் ஓடாமல் ஒரு மணி நேரம் சப்பும் ஹெட்லைட்டும் ஹாரனும் ஓடினால் எந்த பேட்டரிதான் தாங்கும்? ஒரே சமயத்தில் சிரிக்கவும் தோன்றியது, அவர் கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. அதற்குள் அவர் இன்னொன்று சொன்னார்.

“இந்தக் காரு பிரேக்குதான் எறங்கறப்ப கல்லாட்டமிருக்குது. புதுசுல்ல, பழகுனா எளகிரும்.”

பழைய ஜீப் பிரேக்குக்கு மிதிக்கிற காலின் பலம் மட்டும் போதும். இந்தக் காரில் பிரேக்குக்கு சர்வோ இருக்கிறது. அது இன்ஜின் ஓடும்போது இழுக்கிற காற்றில் வேலை செய்வது. இன்ஜினை நிறுத்தினால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதன்பின் பெடல் மரக்கட்டை ஆகிவிடும். இதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாட்டை மறுபடி கூட்டிவிட்டார்.

அடுத்த வளைவுக்குக் கீழே ஏறி வந்த பஸ்காரன் ஹாரன் அடித்திருக்கிறான். கட்டாயம் அடித்திருப்பான். மலையில் காதை வைத்துத்தான் வண்டி ஓட்டுவார்கள். எங்கள் இரண்டு பேர் காதிலும் அது விழவில்லை. வளைவைத் திரும்பினால் எதிரே பஸ்ஸின் முகம். அண்ணன் பிரேக்கின்மேல் ஏறி நின்றார். கார் கேட்கவில்லை. நான் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அவர் ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்தார். முன் சக்கரம் ஓடைக்குள் இறங்கி, மண்மேட்டில் முட்டி நின்றது. மீட்டர் என் மடியிலிருந்து பறந்துபோய் கண்ணாடியில் அடித்தது. பாட்டு மட்டும் நிற்காமல் இடித்துக்கொண்டிருந்தது.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். “ஏய்யா, சாவறதுக்கு எங்க பஸ்ஸுதான் கெடச்சுதா? ஹாரன் அடிச்சு அடிச்சு கை வலிக்குது. காது எங்க போச்சு?”

பயணிகள் இறங்கி வந்து காரைத் தூக்கிவிட்டார்கள். பேட்டரியில் ஸ்டார்ட் எடுக்க உயிர் இல்லை. “இந்த லவுட் ஸ்பீக்கரப் போட்டவன் எவன்?” என்று ஒருவர் கேட்டார்.

செல்லமுத்து அண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் காட்டினார். “இவருதானுங்க.”

இருபது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

4. ரிலே

தள்ளி ஸ்டார்ட் பண்ணியபின், இன்ஜினை அணைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தேன். கீழே வரும் வரை சர்வோவைப் பற்றி விளக்கினேன். படம் போடாத குறைதான். அவர் எல்லாவற்றுக்கும் “செரிங்க, செரிங்க” என்றார். அடிவாரம் வந்ததும் சொன்னார்:

“இன்னைக்கு அந்த பஸ்ஸுக்காரன் அகலமா வந்துட்டான். இல்லீன்னா ஒண்ணும் ஆயிருக்காது.”

அவர் புதன்கிழமையும் அப்படித்தான் இறங்குவார் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. பின் சீட்டில் பூங்கொடியை வைத்துக்கொண்டு இறங்குவார். சரசக்காவிடம் சொல்லலாம். சொன்னால் வீட்டில் சண்டை வரும், இவர் வீம்புக்கே இன்ஜினை அணைப்பார். பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்ற யாராலும் முடியாது. உயிர் போகும் என்று சொன்னால் நம்பாத மனுஷர், எதற்குத்தான் பயப்படுவார் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வண்டியை வரச் சொன்னேன். பிரேக் முழுவதையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு ஏசிசி லைனில் நான் கொடுத்திருந்த ரிமோட் ஒயரை எடுத்து, நடுவில் ஒரு ரிலே, அதாவது தனக்குக் கரண்ட் வந்தால் மட்டும் லைனைச் சேர்க்கிற சுவிட்ச், வைத்தேன். ரிலே இழுப்பதற்கான கரண்டை ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் லைட் ஒயரிலிருந்து கொடுத்தேன். இன்ஜின் ஓடினால் அங்கே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் வரும், ரிலே இழுக்கும், ஆம்ப் எழும். இன்ஜின் நின்றால் ஆம்ப் செத்துவிடும். கதவில் இருக்கிற கம்பெனி ஸ்பீக்கர் மட்டும் டின்னைத் தட்டுகிற மாதிரி பாடிக்கொண்டிருக்கும். முன்பிருந்த சத்தத்தில் பாதிக்கு மேல் ஏறாதபடி ஆம்பின் கெயினையும் குறைத்து வைத்தேன்.

அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் கஸ்டமரிடம் மறைத்துச் செய்த முதல் வேலை அது.

புதன்கிழமை எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு மோட்டாரை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினேன். மூன்று மணிக்கு மேல் சந்து முனையில் பாஸ் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் எந்தப் பாட்டையும் நான் அப்படி ஆசையாகக் கேட்டதில்லை.

கார் ஓட்டிக்கொண்டுதான் வந்தது. செல்லமுத்து அண்ணன் இறங்கிய வேகத்திலேயே சத்தம் போட்டார்.

“என்ன வேல பண்ணி வெச்சிருக்கற நீ? இன்ஜின ஆஃப் பண்ணுனா பாஸு செத்துப் போகுது! வெறும் தகரமாட்டம் கத்துது!”

“கம்பெனி செட்டுக்கு அப்படித்தான் வருமுங்ணா. ஒயர் வெட்டக் கூடாதுன்னீங்க. வெட்டாம இதுக்கு மேல முடியாதுங்க.”

“மொதல்ல வந்துச்சுல்ல?”

“அதனாலதானுங்க பேட்டரி போச்சு.”

பின் சீட்டில் பூங்கொடி தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. சரசக்கா அதன் கையைப் பிடித்திருந்தார். “மூணு தடவ ஆஃப் பண்ணிப் பாத்தாருங்ணா” என்றது பூங்கொடி. “மூணு தடவையும் உங்களத் திட்டிக்கிட்டே மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அப்பறம் அணைக்கவே இல்ல.”

சரசக்கா என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதாவது புரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. “நல்லாயிரு சாமி” என்று மட்டும் சொன்னார்.

5. கோளாறு

செல்லமுத்து அண்ணன் சொன்னபடியே செய்தார். இன்ஜினை நிறுத்தினால் பாஸ் நின்றுவிடுகிற மாதிரி ஒருவன் வேலை செய்திருக்கிறான், அதைச் சரிசெய்யவும் அவனுக்குத் தெரியவில்லை என்று மலை முழுக்கச் சொன்னார். கார் வைத்திருந்த மலைக்காரர்கள் சிலர் ஆடியோ வேலைக்கு நாமக்கல் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாத வேலையைச் செய்துவிட்டு, தெரியாதவன் என்று பேர் வாங்கினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பேர் மீண்டிருக்கும். சொன்ன அடுத்த நாளே அவர் வேறு கடைக்குப் போய் அந்த ரிலேயைக் கழற்றியிருப்பார்.

ஆறு வருஷம் அந்தக் காரை வைத்திருந்தார். தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வந்து, “அந்தக் கோளாறப் பாருப்பா” என்பார். நானும் டேஷ்போர்டைக் கழற்றுவேன், டெஸ்டரை அங்கே இங்கே வைப்பேன், மூடுவேன். “புடிபட மாட்டேங்குதுங்ணா.” அவர் தலையில் அடித்துக்கொண்டு போவார். பூங்கொடியின் பையன் பின் சீட்டில் நின்றுகொண்டு பாஸுக்கு ஆடுவான்.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியில் ஒரு பொருளைப் பூட்டுவதற்கு முன், அந்த வண்டியில் ஒரு தடவை ஓனரோடு உட்கார்ந்து போய் வாருங்கள். மீட்டர் வண்டியைப் பற்றித்தான் சொல்லும், ஓட்டுகிற ஆளைப் பற்றிச் சொல்லாது. நான் முதல் நாளே போயிருந்தால் ரிமோட்டை ஏசிசியில் கொடுத்திருக்க மாட்டேன். அந்த பஸ்ஸும் எங்கள் முகத்துக்கு முன்னால் வந்திருக்காது. அது என் தப்பு. அதை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு கார் கைமாறியது. வாங்கியவர் ஒருநாள் என் கடைக்கே கொண்டு வந்தார். விவரமான ஆள். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார்.

“யாரோ வேலை தெரியாதவன் நடுவுல ஒரு ரிலேயப் போட்டு வெச்சிருக்கறான் பாருங்க. இன்ஜின் நின்னா பாஸு நிக்குது. எடுத்துப் போட்டுரலாமுங்களா?”

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“மலை மேலதானுங்க ஊடு.”

“அப்படீன்னா அது இருக்கட்டுமுங்க” என்றேன்.